98 டாலர் 87 சென்ட் தீபாவளி

நியூஜெர்சியில் குடியிருந்த அந்தத் தமிழருக்கு எதையும் முழு விலையில் வாங்கிப் பழக்கமில்லை. பேஸ்ட் வாங்குவதற்குக்கூட கூப்பன் கத்தரித்து வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் அவர் படிப்பதெல்லாம் நடுவில் செருகியிருக்கும் தள்ளுபடித் தாள்களைத்தான். மீதிச் செய்திகள் நேராக அலமாரித் தட்டுக்குப் போய்விடும், விரிப்பதற்கு.

அப்பேர்ப்பட்டவர் 2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை, இருட்டோடு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்கு வால்மார்ட் கடைகளில் டோஷிபாவின் எச்டி-ஏ2 என்ற எச்டி டிவிடி பிளேயர் 98 டாலர் 87 சென்ட். இந்த ஜாதிக் கருவி 2006 ஏப்ரலில் முதன்முதலாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது 499 டாலர். அதே வருஷம் ஜூனில் எதிர்முகாமான ப்ளூரேயில் சாம்சங் இறக்கிய முதல் பிளேயர் ஏறத்தாழ 1,000 டாலர். ஒன்றரை வருஷம் பொறுத்திருந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வாரோ இல்லையோ, பிளேயர் வாங்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"இருக்கிற டிவிடி பிளேயர்ல தெரியாதது இதுல என்னங்க தெரியப்போகுது?" என்றார் மனைவி.

"முகத்துல இருக்கிற மயிர்க்கால்கூடத் தெளிவாத் தெரியும்."

"அதைப் பார்க்கவா நூறு டாலர்?"

"நூறு இல்ல. தொண்ணூத்தெட்டு எண்பத்தேழு."

மாமனார் அப்போது ஆறு மாதத் தங்கலில் மாயவரத்திலிருந்து வந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இதுல ரெண்டு கட்சி இருக்காமே?" என்று கேட்டார்.

இருந்தது. இரண்டு கட்சிக்கும் ஆயுதம் ஒன்றுதான்: நீலமும் ஊதாவும் கலந்த லேசர் கதிர். சாதா டிவிடியைப் படிக்கும் சிவப்புக் கதிரின் அலைநீளம் 650 நானோமீட்டர், இதற்கு 405. கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். விரலிடுக்கிலிருந்து மாவு தடிமனாக விழுந்தால் வாசலில் ஏழு புள்ளிக்குத்தான் இடம். இழை மெலிந்தால் அதே வாசலில் தேரே இழுக்கலாம். டிவிடியில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபி போட்ட இடத்தில் எச்டி டிவிடிக்காரர்கள் 15 போட்டார்கள், ப்ளூரேக்காரர்கள் 25 போட்டார்கள்.

பத்து ஜிபி குறைவாக இருந்தாலும் எச்டி டிவிடி சளைக்கவில்லை, காரணம் சிக்கனம். டிவிடியைப் போலவே அதிலும் தகவல் இருப்பது தட்டின் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில். அதனால் பழைய டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றி அமைத்தே தட்டு அடிக்க முடிந்தது. ப்ளூரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டருக்கு மேலே வந்துவிட்டது. எனவே புது இயந்திரம் வேண்டும், கீறல் விழாமலிருக்கக் கடினமான மேல்பூச்சு வேண்டும், செலவு வேண்டும். கூப்பன் கத்தரிக்கிறவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

"நீங்க எந்தக் கட்சி?" மாமனார் விடவில்லை.

"விலை கம்மியான கட்சி, மாமா."

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1983-இல் பர்மா பஜாரில் அலைந்து திரிந்து ஒரு வீடியோ டெக் வாங்கியவர் அவர். இரண்டு வகை இருக்கிறது, பீட்டாமேக்ஸில்தான் படம் பளிச்சென்று இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். பொய் சொல்லவில்லை. மாயவரம் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, தெருவுக்கு ஒன்றாக முளைத்திருந்த கேசட் கடைகளில் வாடகைக்கு இருந்ததெல்லாம் விஎச்எஸ் என்பது. கூடவே வாங்கி வந்த மூன்று கேசட்டுகளையே அந்தக் குடும்பம் பல வருஷம் பார்த்தது. பீட்டாமேக்ஸைப் பெற்றெடுத்த சோனியே 1988-இல் விஎச்எஸ் டெக் தயாரிக்க இறங்கிவிட்டது. மாமனார் மட்டும் கட்சி மாறவில்லை.

புதுப் பெட்டியை இணைத்தாயிற்று. அந்தக் காலத்து உயர்துல்லியப் பிளேயர்கள், எந்தக் கட்சியானாலும், அழைத்த குரலுக்கு உடனே எழுந்து வந்தவை அல்ல. டோஷிபாவின் முதல் கருவிக்குள் மெய்யாகவே ஒரு பென்டியம் 4 சில்லு உட்கார்ந்திருந்தது. பிளேயர் வேஷம் கட்டிய கணினி. ஆகவே பொத்தானை அமுக்கிவிட்டு டிகாக்‌ஷனைச் சூடு பண்ணப் போகிற வழக்கத்தை மாமனார் ஏற்படுத்திக்கொண்டார்.

முதல் படம் '300'. திரை முழுக்கச் சட்டையில்லாத ஸ்பார்ட்டா வீரர்கள். "இவ்வளவு செலவு பண்ணிப் படம் எடுத்தவன் ஆளுக்கொரு துண்டாவது கொடுத்திருக்கலாம்" என்று மாமனார் அபிப்பிராயப்பட்டாரே ஒழிய, படத்தின் தெளிவைப் பற்றி அவருக்கு மாற்றுக் கருத்தில்லை. "கண்ணாடி மாதிரி இருக்கு மாப்பிள்ளை. ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியுது." மருமகன் பூரித்துப்போய் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

படம் முடிந்து தட்டை வெளியே எடுத்தபோதுதான் அவர் நடுவளையத்தில் இருந்த பொடி எழுத்தைக் கவனித்தார். அந்தப் படம் இரட்டைப் பக்கத் தட்டில் வந்தது: ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதா டிவிடி. இரண்டு பக்கமும் படிக்க வேண்டியவை என்பதால் மேலே படம் அச்சிட இடமில்லை. எது எந்தப் பக்கம் என்பதை எறும்பு எழுதிய மாதிரி வளையத்தில்தான் போட்டிருப்பார்கள். இரண்டு மணி நேரம் ஓடியது சாதா பக்கம். இதை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் வெகுகாலம் சொல்லவில்லை.

மாமனார் சொன்னதும் முழுப் பொய்யில்லை. ஒரு டிவிடி சட்டகத்தில் 720க்கு 480 புள்ளிகள். அதை இந்தப் பெட்டி 1920க்கு 1080 ஆக ஊதிப் பெரிதாக்கித் தொலைக்காட்சிக்கு அனுப்பும். பெருக்கிப் பார்த்தால் சரியாக ஆறு மடங்கு. அதாவது திரைக்குப் போகும் ஆறு புள்ளியில் ஒன்றுக்குத்தான் தட்டில் ஆதாரம் உண்டு. மற்ற ஐந்தும் அக்கம்பக்கத்தை விசாரித்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று பெட்டி ஊகித்தவை. ஊர் வம்பு இதைவிடக் கூடுதலான விகிதத்தில் வளர்ந்து நாம் பார்த்திருக்கிறோம்.

போர்க்களத்தில் இதற்கிடையே ஆள்சேர்ப்பு நடந்துகொண்டிருந்தது. யுனிவர்சல் ஆரம்பத்திலிருந்தே எச்டி டிவிடி பக்கம். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் வந்து சேர்ந்துகொண்டன. டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூரே பக்கம். வார்னர் இரண்டு வகையிலும் படம் வெளியிட்டபடி மதில்மேல் உட்கார்ந்திருந்தது. பிளேஸ்டேஷன் 3 இருந்த வீடுகளிலோ பிள்ளைகள் விளையாடுவதற்காக வாங்கிய பெட்டிக்குள்ளேயே ப்ளூரே ஒளிந்திருந்தது. அந்தக் கட்சிக்கு வாக்குச் சேகரித்தது பிள்ளைகள்தான்.

2008 ஜனவரி 4 அன்று மதில்மேல் பூனை குதித்தது, ப்ளூரே பக்கம். இரண்டு நாள் கழித்து லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியை ஒட்டி எச்டி டிவிடி அணி நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பு ரத்து. பிப்ரவரி 11-இல் நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டது, 15-இல் வால்மார்ட். 19ஆம் தேதி டோஷிபாவே கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

வாங்கியதிலிருந்து 109 நாள். அவர் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டார். நாளொன்றுக்கு 91 சென்ட். "வாடகைன்னு வெச்சுக்கிட்டா கட்டுப்படியாகும்" என்றார்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மாமனார்தான் அருகில் வந்து உட்கார்ந்து, தோளைத் தட்டி, "எனக்குக்கூட அஞ்சு வருஷம் தாக்குப்பிடிச்சுது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிளேயரோடு கொடுத்த சீட்டை நவம்பரில் பூர்த்தி செய்து அனுப்பியதற்கான ஐந்து இலவச எச்டி டிவிடிகள். கருமாதி முடிந்த வீட்டுக்குக் கல்யாணப் பரிசு வந்த மாதிரி, சிவப்பு உறைகளில் பளபளத்துக்கொண்டு.

ஆனால் அவருடைய பொற்காலம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. கடைகளில் எச்டி டிவிடிகளைக் கூடையில் கொட்டி விற்றார்கள். கூப்பனே தேவைப்படவில்லை. 'பிளானெட் எர்த்' வந்தது. மேட்ரிக்ஸ் மூன்று பாகமும் வந்தன. மேட்ரிக்ஸ் எச்டி டிவிடியில் 2007 மே மாதமே வெளியாகியிருந்தது. வென்ற கட்சிக்காரர்கள் ப்ளூரேயில் அதைப் பார்க்க 2008 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். எச்டி டிவிடியில் மண்டலப் பூட்டும் கிடையாது. ப்ளூரே உலகத்தை மூன்றாகக் கூறுபோட்டு அமெரிக்காவை 'ஏ' என்றும் இந்தியாவை 'சி' என்றும் எழுதி வைத்தது. தோற்றவர்களின் நல்ல குணங்களை இப்படி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிட வந்தவர்கள், கேட்டுக்கொண்டார்கள்.

பெஸ்ட் பை கடை, தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு ஆறுதலாக 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. இவர் வாங்கியது அங்கே அல்ல. அந்த 50 டாலரைப் பற்றி இன்றைக்குப் பேசினாலும் குரல் கம்மும்.

வாரநாட்களில் அந்தப் பெட்டியில் ஓடியதோ இந்திய மளிகைக் கடையில் கறிவேப்பிலையோடு எடுத்துவரும் தமிழ் டிவிடிகள்தான். ஒன்றை ஆறாக்கி, பழைய கறுப்பு வெள்ளைக் கதாநாயகிகளின் மூக்குத்தியை மினுக்கிக் காட்டியது.

2009-இல் வார்னர் ஒரு திட்டம் அறிவித்தது: எச்டி டிவிடியின் உறைத் தாளை அனுப்பி 4.95 டாலர் கட்டினால் அதே படம் ப்ளூரேயில் வரும், தபால் செலவு தனி. அவருடைய கண்கள் விரிந்தன. ப்ளூரே தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, அவற்றைப் போட்டுப் பார்க்க ஒரு பிளேயர் வேண்டாமா? வாங்கினார், தள்ளுபடியில். அதே ஆண்டு டோஷிபாவும் ப்ளூரே பிளேயர் தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தது.

2010 கோடையில் மாமனார் மறுபடி வந்தார். டிவிக்குக் கீழே புதுப் பெட்டி, பழையது அதற்கும் கீழே, கொலுப்படி மாதிரி. ஊர் திரும்பும் நாளில் பெட்டி கட்டினார்கள். 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று மகள் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வேட்டிகளை ஒதுக்கி நடுவில் ஓர் இடம் பண்ணினார்.

"மாப்பிள்ளை, அந்தப் பழசை எனக்குக் கொடுத்துடுங்க. நம்ம டெக் பக்கத்துல வெச்சுக்கிறேன்."

"அப்பா, இது 110 வோல்ட்டுக்குப் பண்ணினது" என்றார் மகள். "நம்ம ஊர்ல சொருகினா புகைதான் வரும்."

"யாரு சொருகப்போறா?" என்று சொல்லி, பிளேயரை வேட்டியில் சுற்றினார் மாமனார்.