குழாயின் முதுகு காயக் கூடாது

கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் ஆலைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு...

கே: கடல்நீரை ஆவியாக்கச் சூடான குழாய்களை அதற்குள் மூழ்கடித்தால் போதாதா? ஏன் குழாய்மேல் தெளிக்கிறார்கள்?
(மாணவி, காரைக்குடி)

ப: மூழ்கடித்தால் அடியிலுள்ள நீர் கொதிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றை உறிஞ்சி, அறையின் அழுத்தத்தை வளிமண்டலத்தில் எட்டில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் தண்ணீர் சுமார் 50 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில், மேலே நிற்கும் நீரின் எடையும் சேர்ந்துகொள்ள, கொதிநிலை 62-ஐத் தொட்டுவிடும். குழாய்க்கு உள்ளும் வெளியும் நமக்குக் கிடைக்கும் வித்தியாசமோ மூன்று, நான்கு டிகிரிதான். படலமாக வழியவிட்டால் ஆழம் என்ற தொல்லையே இல்லை. குழாய்க்குள் நீராவி குளிர்ந்து நீராகிறது. அது விடும் வெப்பம் உலோகத்தைக் கடந்து, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத படலத்துக்குள் போய், மேற்பரப்பிலிருந்து ஆவியாகக் கிளம்புகிறது. குமிழிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கே: அப்படியானால் படலம் மெலிய மெலிய நல்லதா?
(ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி)

ப: கிழியாத வரைக்கும். நீர்வரத்து குறைவாக இருந்தால் மேல்குழாயிலிருந்து கீழ்க்குழாய்க்குச் சொட்டுச் சொட்டாக விழும். கூட்டினால் தாரையாகும், இன்னும் கூட்டினால் திரையாகும். சொட்டுகளுக்கு இடையில் குழாயின் முதுகு காய்ந்தால் அந்த இடம் வேலை செய்யாது. அதோடு போகாமல் உப்பும் சுண்ணாம்பும் அங்கேதான் முதலில் பிடிக்கும். அதிகம் தவிப்பவை கீழ்வரிசைக் குழாய்கள். மேலே ஆவியானது போக மிச்சம்தான் அவற்றுக்கு வருகிறது. போதாததற்கு, பக்கவாட்டில் பாயும் ஆவி சொட்டுகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக நீரைக் கொட்டித் தீர்த்தாலும் படலம் தடித்து வெப்பம் தயங்கும், பம்புக்கும் மின்செலவு. வரத்து வெகுவாகக் கூடிப் படலத்துக்குள் கொந்தளிப்பு வந்தால் வெப்பப் பரிமாற்றம் மறுபடி ஏறும் என்பது உண்மைதான். ஆனாலும் என்னைக் கேட்டால், ஆலையின் தலையெழுத்து கொதிகலனில் இல்லை, நீரைச் சமமாகப் பங்கிடும் தெளிப்பான்களில் இருக்கிறது.

கே: ஆக்கிய ஆவியை அப்படியே குளிரவைத்தால் இத்தனை வெப்பமும் வீண்தானே?
(ஆசிரியை, நாகர்கோவில்)

ப: விடுவார்களா! முதல் அறையில் எழுந்த ஆவி, அழுத்தம் சற்றுக் குறைந்த அடுத்த அறையின் குழாய்களுக்குள் போய் அங்குள்ள கடல்நீரை ஆவியாக்கும். அங்கே எழும் ஆவி மூன்றாவது அறைக்கு. இப்படிக் கைமாறிக்கொண்டே போவதால் ஒரு கிலோ நீராவியிலிருந்து எட்டு, பத்து கிலோ நன்னீர் எடுக்கிறார்கள். சவூதி அரேபியாவின் ஜுபைலில் இவ்வகையில் இயங்கும் 27 யூனிட்டுகளின் கொள்ளளவு நாளொன்றுக்கு 80 கோடி லிட்டர்.

கே: இன்னும் சூடேற்றினால் இன்னும் லாபம்தானே? 70 டிகிரியில் ஏன் நிற்கிறார்கள்?
(வணிகர், விருதுநகர்)

ப: உங்கள் வீட்டு கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே காரணம்தான். சூடு ஏற ஏற ஸ்கேல் வேகமாகப் பிடிக்கும்.

கே: மீஞ்சூர், நெம்மேலியிலும் இதுதானா?
(சென்னை வாசகர்)

ப: இல்லை. இரண்டும் சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. ஆலைகள். கல்பாக்கத்தில் வெப்பத்தால் இயங்கும் பகுதியும் வேறு வகை: சூடான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் திடீரென ஆவியாகவிடும் ப்ளாஷ் முறை. குழாய்மேல் வழியவிடும் முறையை ஜாம்நகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காணலாம். வெப்பம் கழிவாக வெளியேறும் இடங்களில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

கே: குழாய்க்கு எந்த உலோகம்?
(ஐ.டி.ஐ. மாணவர், தூத்துக்குடி)

ப: பெரும்பாலும் அலுமினியம் கலந்த பித்தளை. தெளிப்பு நேராகத் தாக்கும் மேல்வரிசைகளுக்கு மட்டும் டைட்டானியம். வெப்பத்தைக் கடத்துவதில் அது பித்தளையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் கடல்நீர் அரிக்காது என்பதால் குழாய்ச் சுவரை அரை மில்லிமீட்டருக்கு மெலிதாக்கி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறார்கள்.