தோளில் ஏறிய சிங்கம்

கே: கேப்டன் தோளில் மூன்று நட்சத்திரம். மேஜருக்கு ஒரே ஒரு சிங்கம். மூன்றைவிட ஒன்று பெரிதா?

ப: பெரிதுதான். 1950 ஜனவரி 26 வரை அந்த இடத்தில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது. குடியரசானதும் அதை இறக்கிவிட்டு அசோகச் சிங்கத்தை ஏற்றினோம். கணக்கு மட்டும் பழையது: சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டென்றால் கர்னல், மூன்றென்றால் பிரிகேடியர்.

கே: இரண்டு நட்சத்திரம் வைத்தவரை 'லெப்டினன்ட் சார்' என்றேன். 'நான் சுபேதார்' என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: நட்சத்திரத்துக்குக் கீழே பாருங்கள். சிவப்பு, மஞ்சள், சிவப்பு நாடா இருந்தால் அவர் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்). சிப்பாயாகச் சேர்ந்து நாயக், ஹவில்தார் என்று படிப்படியாக ஏறியவர். வெள்ளைக்காரர் காலத்தில் தலை நரைத்த சுபேதாரும் நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழேதான். அந்த அநியாயம் ஒழிந்தது; பதவி நிற்கிறது. நிற்கவும் வேண்டும். புது லெப்டினன்ட்டுக்குப் பட்டாளத்தைப் பழக்கிவிடுபவர் அவர். அதிகாரிகளே அவரை 'சாப்' என்றுதான் அழைப்பார்கள்.

கே: ஒரு தொப்பிக்காகக் கலகம் நடக்குமா?

ப: வேலூரில் நடந்ததே! மதராஸ் ராணுவத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் வந்த உத்தரவு: அணிவகுப்பில் நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தலைக்குப் புதுவகைத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம். அது மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேரச் சுட்டது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10, விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். ஆனால் உத்தரவும் செத்தது. கிரடாக்கையும் மதராஸ் கவர்னர் பென்டிங்கையும் கிழக்கிந்தியக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. 1857-க்கு 51 ஆண்டு முந்தைய இந்த எழுச்சியை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கே: சின்னம் பளிச்சென்று இருந்தால் எதிரி குறிவைக்க மாட்டானா?

ப: வைத்தான். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சின்னம் சட்டைக் கையின் நுனியில் இருந்தது. ஜெர்மானியர் அதைப் பார்த்தே சுட்டார்கள். பலர் தாங்களாகவே தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். போர் முடிந்த பிறகு, 1920-ல், கைச் சின்னம் ஒழிந்தது.

கே: பிரிகேடியர் ஆனதும் பழைய ரெஜிமென்ட் தொப்பி என்னாகும்?

ப: 2023 ஆகஸ்ட் 1 முதல் பெட்டிக்குள் போகிறது. பிரிகேடியரிலிருந்து மேலே எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே பெல்ட், ஒரே ஷூ. நல்ல முடிவு. பல ரெஜிமென்ட்டுகளை நடத்துபவர் ஒன்றுக்கு மட்டும் உரியவராகத் தெரியக்கூடாது.

கே: ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு உண்டா?

ப: கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவிதான். நம் ராணுவத்தில் இருவரே: 1973-ல் மானெக் ஷா, 1986-ல் கரியப்பா. குன்னூரில் வாழ்ந்த மானெக் ஷாவுக்குச் சேரவேண்டிய சம்பள நிலுவை 2007-ல்தான் கைக்கு வந்தது. மறு வருடமே அவர் காலமானார். 1971 போரை வென்று கொடுத்தவரை இத்தனை காலம் காக்க வைத்திருக்கக் கூடாது.