147-ஆம் நம்பர் அண்ணாச்சி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வருகிற அண்ணாச்சியைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. முதலில் சீர்காழி கோவிந்தராஜன் வருவார். பத்தடி பின்னால் அண்ணாச்சி வருவார். சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்கும். உள்ளே சோப்பு டப்பா அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. ஊருக்கு நாலு பேராவது இந்த இனத்தில் உண்டு.

பெட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது. எஃப்.எம். உண்டு, பென் டிரைவ் சொருகலாம், மெமரி கார்டு போடலாம். பாட்டரி, நோக்கியா பட்டன் போனுக்குள் இருந்த அதே பி.எல்.5சி. "போனு செத்து எத்தனையோ வருசமாச்சு வே, பாட்டரி இன்னும் பாடுது" என்பார். பெட்டியில் 0 முதல் 9 வரை பொத்தான்கள்; மேலே சிவப்பில் எண் காட்டும் குட்டி ஜன்னல். எண்ணைக் காட்டுமே தவிரப் பாட்டின் பெயரைக் காட்டாது.

கார்டில் பாட்டு ஏற்றும் வேலை செல்போன் ரீசார்ஜ் கடைப் பையனுடையது. நாள்காட்டித் தாளின் பின்புறம் நாற்பது பாட்டுகளை எழுதிக் கொண்டுபோனார் அண்ணாச்சி. பையன் தாளை வாங்கி மேஜையில் வைத்து, அதன் மேல் டீ கிளாஸை வைத்து, 'பழசு', 'இடைக்காலம்', 'பக்தி' என்ற மூன்று மூட்டைகளை அப்படியே இறக்கிவிட்டான். எம்.பி.3 கணக்கில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் ஒரு எம்.பி. இடம் போதும். 8 ஜி.பி. கார்டில் 1500 பாட்டுக்குக் குறையாது. சோறு தண்ணி, தூக்கம் இல்லாமல் கேட்டாலும் அஞ்சு நாளுக்கு மேல் ஓடும். அண்ணாச்சிக்குத் தெரிந்ததோ முதல் இருநூறுதான். எண்ணூறாவது பாட்டை இதுவரை மனிதர் யாரும் கேட்டதில்லை.

ஆனால் அந்த இருநூறும் அவருக்கு எண் வாரியாக மனப்பாடம். கந்த சஷ்டி கவசம் 86. டி.எம்.எஸ். சிவாஜிக்குப் பாடியது 40 முதல், எம்.ஜி.ஆருக்குப் பாடியது 63 முதல். அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்குப் பிடித்த சுசீலா பாட்டு 147. பாட்டின் முதல் வரியை அந்த அம்மாளே மறந்துபோனார். "ஏங்க, நூத்தி நாப்பத்தேழு போடுங்க" என்றுதான் கேட்பார்.

அண்ணாச்சி பாட்டு கேட்பவர் அல்லர், கேட்க வைப்பவர். பாட்டு தொடங்கியதும் அவர் பேசத் தொடங்குவார். யார் இசை, எந்தத் தியேட்டரில் பார்த்தது, அன்றைக்கு டிக்கெட் என்ன விலை என்று சொல்லி முடிக்கும்போது பாட்டும் முடிந்திருக்கும். "எப்பிடிப் பாட்டு!" என்பார். நாமும் தலையாட்ட வேண்டும்.

காதில் ஏதேனும் மாட்டிக்கொண்டு ஓடும் இளைஞர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம். ஒருவனை நிறுத்தி, "தம்பி, பக்கத்துல வாறவன் என்ன பாவம் செஞ்சான்? அவனுக்கும் நாலு பாட்டு கேக்காண்டாமா?" என்றார். பையன் 2001-இல் வந்த ஐபாடு பற்றிச் சொல்லிப் பார்த்தான். 5 ஜி.பி., ஆயிரம் பாட்டு, அப்போதே உலகமே காதுக்குள் கேட்கப் பழகிவிட்டது என்றான். "அது இப்ப எங்க?" என்றார் அண்ணாச்சி. 2022-இல் ஆப்பிள் நிறுத்திவிட்டது என்று பையன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "பாத்தியா? ஊரோட சேந்து கேக்காத பெட்டி நெலைக்காது."

வினை பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்தது. மருமகன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரே பாட்டு மூணு மூணு தடவ கெடக்கு, அழிச்சிருதேன்" என்றார். மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும்போது மறுக்க முடியுமா? இந்த வகைப் பெட்டி, கார்டில் கிடக்கும் வரிசையைப் பார்த்துத்தான் எண் போடும். முன்னால் ஒரு பாட்டு போனால் பின்னால் நிற்பதெல்லாம் ஓர் எண் முன்னே நகரும். அண்ணாச்சிக்கு இது தெரியாது.

மறுநாள் சொந்தக்காரர் புது வீட்டில் பால் காய்ச்சு. "அண்ணாச்சி, நேரம் ஆச்சு, கவசத்தைப் போடுங்க" என்றார்கள். 86-ஐ அழுத்தினார். பால் பொங்கும் நேரத்தில், மனித வாழ்க்கை நிலையில்லாதது என்று டி.எம்.எஸ். உருகத் தொடங்கினார். அண்ணாச்சி பதறிப்போய் அடுத்த பாட்டுக்கான பொத்தானைக் கெட்டியாகப் பிடித்தார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். நிலையாமை தெரு முனை வரை கேட்டது.

"மாப்ள செஞ்ச வேல" என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கினார். ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டு, எண் போட்டு எழுதுவதென்று முடிவு. பேச்சு கிடையாது, எழுத்து மட்டும். இந்த வாரம் 312. மைதானத்தில் அவரோடு நடந்தவர்களில் ரெண்டு பேர் சத்தமில்லாமல் சாயங்கால நடைக்கு மாறிவிட்டார்கள். சேதி அண்ணாச்சிக்கு எட்டியது.

"நல்ல யோசனதான் வே" என்றார். "நாமளும் சாயங்காலமே போயிருவோம். பகல் பூரா சார்ஜ் போட்டா, ராத்திரி ஒம்பது வர தாங்கும்."