மம்பட்டிக் கணை ஆட்டம்: ஒரு கார்த்திகை மாத ஆய்வு

வரையறை. மண்வெட்டி என்பது பாடப்புத்தக வழக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிவரை அது மம்பட்டி. அதன் மரப்பிடி கணை. ஓங்கிப் போடும்போது இரும்பு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போக விரும்புவதே கணை ஆட்டம். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த ரமணர், ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்னார். அவ்வளவு தூரம் போகச் சக்தியில்லாத இந்த ஆய்வாளன், ‘கணை எங்கே ஆடுகிறது?’ என்பதோடு நின்றுகொள்கிறான்.

களம். கார்த்திகை இரண்டாம் வாரம். ராத்திரி மழையில் மல்லிக்காட்டு வரப்பு ஒரு முழம் உடைந்திருந்தது. காலையில் மூடாக்கு, காற்றில்லை. கரிசல் அப்பி, செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ தேறும். உடைப்பை அடைக்க அரை மணி நேரம் போதும். மம்பட்டியை எடுத்தேன். கணை ஆடியது.

முன்னோர் கொள்கைகள். கட்சிகள் மூன்று. மம்பட்டியை ராத்திரியே தொட்டித் தண்ணீரில் போட்டுவைப்பது நீர்க் கட்சி. ஆசாரியைப்போல ஆப்பு அடிப்பது ஆப்புக் கட்சி. பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிச் செருகுவது டியூப் கட்சி. ஆய்வுத் தகுதி இல்லாததால் அது இங்கே தள்ளப்படுகிறது.

நீர்க் கட்சியின் பிழை நுட்பமானது. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் 1000-க்கு 1 அல்லது 2 பங்குதான் குறையும். குறுக்குவாட்டிலோ 100-க்கு 5 பங்கும் அதற்கு மேலும் போகும். ஊதிய கணையை இரும்பு வளையம் விரியவிடாது. மரநார் உள்ளேயே நசுங்கும். காய்ந்ததும் முன்பிருந்ததைவிட ஒல்லியாகிவிடும். வட்டிக்கு வாங்கிக் கடனடைத்தவன் கதை.

மரத் தேர்வு. ஆகவே புதுக் கணையே போடுவதென்று மரம் தேடினேன். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சீமைக்கருவேல்தான். தன்னை அகற்றச் சொன்ன வழக்கில் 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்வந்த மரம்; கரிமூட்டத்துக்கு அள்ளிக்கொடுக்கும்; நேராக மூன்றடிக் கொம்பு ஒன்று கேட்டால் முள்ளைத்தான் நீட்டும். கடைசியில் கண்மாய்க் கரையில் ஒரு நாட்டுக்கருவேலங் கொம்பு கிடைத்தது. அப்போது மணி பத்தரை.

செய்முறை. பட்டையை அரிவாளால் உரித்தேன். அரிவாள் மழுங்கியிருந்ததால் அதைத் தீட்டினேன். கொம்பின் மிச்சம் வீணாகக்கூடாதென்று ஆட்டுக்கு இரண்டு முளைக்குச்சி சீவினேன். முளை அடிக்கப் போன இடத்தில் தொழுவத்து ஓடு விலகியிருந்தது, ஏறிச் சரிசெய்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் கணையைச் சுரண்டினேன். வெண்ணிறச் சுருள் மெல்ல மெல்ல மடியில் விழுந்தது. கோழி ஒன்று வந்து, புழுவென்று கொத்திப் பார்த்து ஏமாந்தது. உள்ளங்கையில் சிராய் ஏறாத வழவழப்பு வந்தபோது மணி நாலு. வளையத்தில் ஏற்றி, நுனியைப் பிளந்து, ஆப்பு இறக்கினேன். அசையவில்லை. வாசலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “ஏங்க, பக்கத்து வீட்டு மம்பட்டிய ஒரு வார்த்த கேட்டிருந்தா வேல எப்பவோ முடிஞ்சிருக்கும்ல?” ஆய்வுக்கு வெளியே உள்ளவர்களின் கருத்துகள் பதிவு செய்யப்படுவதில்லை.

கண்டுபிடிப்பு. கார்த்திகையில் பச்சைக் கொம்பை வெட்டி, ஈரக் காற்றில் இறுக்கிய கணை சித்திரை வெயிலில் ஆடியே தீரும். ஆகவே கார்த்திகையில் கொம்பை வெட்டி நிழலில் போட்டு, சித்திரையில் நன்றாகக் காய்ந்தபின் கணை போடுவதே முறை. ஆனால் சித்திரையில் இந்த மானாவாரிக் காட்டில் மம்பட்டிக்கு வேலையில்லை. வேலையில்லாத மம்பட்டியை யாரும் தொட்டு ஆட்டிப் பார்ப்பதில்லை. வரப்பு உடைந்த அன்றுதான் கணை ஆடுவது தெரியும். கோளாறு மரத்தில் இல்லை.

பின்னிணைப்பு. ஐந்தரைக்குப் புது மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன். உடைப்பு அடைபட்டிருந்தது. தண்ணீர் தன் காட்டுக்குள் இறங்குகிறதென்று கீழ்க்காட்டு அண்ணாச்சி மத்தியானமே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய மம்பட்டி வரப்போரம் கிடந்தது. கணைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பாக டியூப் பிதுங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.

ஆடியது. வரப்பை மிதித்துப் பார்த்தேன். அது ஆடவில்லை.