தன் பெயருக்குத் தானே முத்திரை

கேள்வி: லிங்க்ட்இன்னில் தினந்தோறும் எழுதித் தன்னை ஒரு ‘பிராண்ட்’ ஆக்கிக்கொண்டால்தான் உத்தியோகத்தில் உயரலாம் என்கிறார்களே, மெய்தானா?

பதில்: கம்பெனிகளுக்கு இருப்பதுபோல் தனிமனிதனுக்கும் ஒரு வர்த்தக முத்திரை வேண்டும் என்று டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாகவியல் ஆசிரியர் 1997-இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ சஞ்சிகையில் பிரகடனம் செய்தபோது, 2003-இல் உதயமான லிங்க்ட்இன் கருவிலேகூட இருக்கவில்லை, ஆசை முதலில் பிறந்தது, அரங்கம் பிறகுதான் கட்டப்பட்டது. அரங்கம் கிடைத்துவிட்டது என்பதற்காக, விடியற்காலை நாலு மணிக்குத் துயிலெழுந்த மகாத்மியத்தை நித்திய பாராயணமாக எழுத வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. நீங்கள் பம்புகளைப் பராமரிக்கும் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம்: பம்பு மோட்டாரின் பேரிங் ஏன் அடிக்கடி தேய்ந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாதம் ஒருமுறை விவரமாக எழுதுங்கள். அதே தொல்லையில் தவிக்கும் இன்னொரு பொறியாளர் அதைத் தேடி வந்து வாசிப்பார், உங்கள் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வார். ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பதவிப் பெயரையும் தொழில் திறனையும் இட்டே தேடுவதால், பெயருக்குக் கீழே ‘கனவுகளின் சிற்பி’ என்று பட்டம் சூட்டிக்கொள்ளாமல், ‘பம்புப் பராமரிப்புப் பொறியாளர்’ என்றே போடுங்கள். உங்களோடு வேலை செய்த மேலதிகாரி ஒருவரிடம் நாலு வரி பரிந்துரையும் கேட்டு வாங்குங்கள்; அதற்கென்றே லிங்க்ட்இன்னில் தனி இடம் வைத்திருக்கிறார்கள்.