சிவப்பு வட்டத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெருமதிப்புக்குரிய செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெயின்டர் எழுதிக்கொள்வது. போன வாரம் எட்டு மணிச் செய்தியில் எங்கள் அம்மாவைக் காட்டியதற்கு நன்றி. பொதுக்குழாயில் குடத்தோடு நின்றவரின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி, கீழே "யார் இவர்கள்? பகீர் பின்னணி!", கூடவே பேய்ப்பட இசை. "என்ர தலையைச் சுத்தி என்னத்தைத் தம்பி கீறி வச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார் அம்மா.

பகீர் பின்னணி இதுதான்: 1990இல் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகேறி வந்தார். அன்று முதல் போலீசின் கியூ பிரிவு கணக்கெடுக்கிறது. செக்கிங் நாளில் வருவாய்த் துறைக்கு ஆளைக் காட்டுகிறார். வட்டம் போட்டுத் தேடவேண்டிய ஆள் இல்லை ஐயா.

ஆனால் வட்டம் அருமை. பொறியியல் படித்துவிட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் சொல்கிறேன், ஒரு பிசிறில்லை.

தங்கள் பரிவையும் மறக்கவில்லை. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியற்றுத் தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்களுக்குச் சோகப் புல்லாங்குழல் போட்டீர்கள். அவர்கள் மண்டபம் முகாமுக்குள் போனதும் குழல் நின்றது. கடலில் நின்றால் பாவம். கரையேறி வேலை கேட்டால் மர்மம்.

வட்டம் மிச்சமிருந்தால் 1987 ஜூலை 1 என்ற தேதிக்கு ஒன்று போடுங்கள். அதற்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். பின்னால் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 1991இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த நான் 'ஊடுருவியது' அம்மாவின் வயிற்றிலிருந்து. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கும் ஒரு வட்டம்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. குடியுரிமைச் சட்டப்படி, பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறியாம். உயிருக்கு ஓடுகிறவன் பாஸ்போர்ட் ஆபீசில் டோக்கன் வாங்கிவிட்டா ஓடுவான்? இதையெல்லாம் ஒரு நாளாவது எட்டு மணிக்குச் சொன்னீர்களா?

அம்மாவைக் காட்டிய அன்றைய விவாதத்தில் நாலு பேர் எங்களைப் பற்றிக் கத்தினார்கள். முகாமில் வாழ்ந்தவர் அதில் ஒருவரும் இல்லை. மறுநாள் மேஸ்திரி, "கொஞ்ச நாள் வராதப்பா, வீட்டுக்காரங்க பயப்படுறாங்க" என்றார். என் கூலி போனது உங்கள் வட்டத்தால். தண்ணீர் பிடிக்க நின்ற கிழவியைக் குற்றவாளியாக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவேண்டும் ஐயா. மைக் இல்லாமல் பேசிப் பழகியதால் சத்தம் கூடிவிட்டது. தங்கள் வட்டத்தின் அழகுக்கு இதனால் குறைவில்லை.

ஒரே விண்ணப்பம். கேட்காமல் எடுத்த அந்தப் படத்தை நீக்குங்கள். அதே எட்டு மணிக்கு, அதே அளவு நேரம் ஒதுக்கி, செய்தி தவறு என்று சொல்லுங்கள். அடுத்த முறை முகாமுக்கு வந்தால் கேமராவைத் திறப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவன்