முதல் வசனத்தையும் படியுங்கள்

கேள்வி: ஓரினச்சேர்க்கை பாவம் என்று 1 கொரிந்தியர் 6-இல் தெளிவாக இருக்கிறதே, உமக்கு என்ன தயக்கம்?

பதில்: இருக்கிறது, மறுக்கவில்லை. 9, 10 வசனங்கள். அதே மூச்சில் பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர், கொள்ளைக்காரர் என்று பவுல் அடுக்கிக்கொண்டே போகிறார். சபையில் ஒரு பொருளாசைக்காரரைக் கண்டுபிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? பொருளாளர் ஆக்குகிறோம். முதல் வசனத்தையும் படியுங்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடலாமா என்ற கேள்வியோடுதான் அந்த அதிகாரமே ஆரம்பம். இங்கே பிரதமப் பேராயர் தேர்தலே சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. டயோசிஸ் தேர்தல் வந்தால் வக்கீல்களுக்குத்தான் கிறிஸ்துமஸ். ஆறாம் அதிகாரத்தை முழுசாக அமல்படுத்தினால் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு மட்டும்தான் மிஞ்சும். வாசிக்க ஆள் இருக்காது.

கேள்வி: பாவத்தை வெறுக்கிறோம், பாவியை நேசிக்கிறோம். இதில் என்ன தவறு?

பதில்: ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியை எப்போது தொடங்குவதாக உத்தேசம்?

கேள்வி: சோதோம் அழிந்தது எதனால்?

பதில்: எசேக்கியேல் 16:49-ஐக் கேளுங்கள். கர்வம், வயிறு நிறையச் சாப்பாடு, ஏழைக்குக் கை கொடுக்காதது. அருவருப்பு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. பிரசங்கங்களில் ஏனோ 49-ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கேள்வி: போப் பிரான்சிஸ் ஓரினத் திருமணத்துக்குச் சம்மதித்துவிட்டாராமே?

பதில்: இல்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான் அனுமதித்தது ஆசீர்வாதத்தை. கல்யாண உடை கூடாது, சடங்கு கூடாது. பத்துப் பதினைந்து விநாடி ஜெபம்தான் என்று கர்தினால் பெர்னாண்டஸ் அடுத்த மாதமே விளக்கமும் கொடுத்தார். நம்மூர்க் கல்யாணத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கவே அதற்கு மேல் ஆகும். அதையும் தர முடியாது என்று ஆப்பிரிக்க ஆயர்கள் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: உபவாசித்து ஜெபித்தால் மாற மாட்டார்களா?

பதில்: அமெரிக்காவில் எக்சோடஸ் இன்டர்நேஷனல் 1976 முதல் இதையே ஊழியமாகச் செய்தது. தான் சந்தித்தவர்களில் கிட்டத்தட்ட யாருமே மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸே ஒப்புக்கொண்டார். 2013-இல் மன்னிப்புக் கேட்டுக் கடையைக் கட்டினார்கள். இங்கே 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படி ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை போடச் சொன்னது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே விஷயம் பிடிபடவில்லை என்று உளவியலாளரிடம் பாடம் கேட்கப் போனார். ஜெபிப்பவர்கள் அந்தப் புத்தியையும் ஒரு வரமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: என் மகன் தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்கிறான். சபை ஐயரிடம் சொல்லலாமா?

பதில்: அவன் உங்களிடம்தானே அம்மா சொன்னான்? சபையிடம் சொல்லவில்லையே. ஐயர் நல்லவராகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ‘ஒரு தாயின் மகனுக்காக’ என்று பேர் போடாத ஜெபக்குறிப்பாக வந்து நிற்கும். பேரைத் தெரு போட்டுக்கொள்ளும். எப்போதும்போல் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது ஜாதகம் பார்க்காத குறையாக வந்து நின்றால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வரப்போகிற அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?